மறுப்பும் காரணமும்

நேயர்களே, அரசாங்கத்துக் கடிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது நமது அன்றாடத் தொழில். அக்கடிதங்களுள் மொழிபெயர்ப்பதற்கு மிக எளியதும், பெறுவதற்கு மிகக் கடியதுமான ஒரு வகை உண்டு. ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதே அது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்திற்கு விண்ணப்பித்த ஒருவருக்கு இத்தகைய கடிதம் வரும்பொழுது, அவர் யாது செய்யலாம், எங்கே வினவலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மறுப்பு என்பது ஒரே சொல்லாயினும் அதன் பொருள் ஒன்றன்று, நான்கு வகைப்படும். வயது, கல்வி, சான்றிதழ் ஆகியவற்றில் குறையுண்டென்பது ஒன்று. தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்பது மற்றொன்று. இன்ன குறைபாடுடையவர் இப்பணிக்குப் பொருந்தார் என்பது மூன்றாவது. ஒதுக்கிய இடமே இம்முறை நிரப்பப்படவில்லை என்பது நான்காவது. ‘தகுதியில்லை’ என்ற ஒரே தொடர் இந்நான்கையும் மூடி மறைத்துவிடுகிறது. ஆகவே, மறுப்புக் கடிதம் கைக்கு வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, ‘இந்நான்கில் இது எது?’ என்பதே. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து தேடுவார் உண்டோ?

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கியது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டின் வகைகளை அது 21 ஆக விரித்தது; ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. குறைபாடு நூற்றுக்கு 40க்குக் குறையாதென்று சான்று பெற்றவர்க்கே இவ்வொதுக்கீடு உரியது. ஓராண்டில் தகுந்தவர் கிடைக்கவில்லையெனில் அவ்விடம் மறு ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டிலும் கிடைக்காவிடில், வேறு வகைக் குறைபாடுடையவரைக் கொண்டு அதனை நிரப்பலாம். அவரும் இல்லையென்றால் மட்டுமே குறைபாடற்ற ஒருவரை அமர்த்தலாம் என்று 34ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆகையால், இடம் நிரப்பப்படவில்லை என்று அறிந்தவர், ‘அவ்விடம் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டதா?’ என்று கேட்பதற்கு முழு உரிமை உடையவர்.

மேற்சொன்ன நான்கில் மூன்றாவது வகையே நீண்ட போராட்டங்களுக்கு இடமாயிற்று. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பவரே தகுதியுடையவர் என்று ஒரு வரம்பு வகுக்கப்பட்டிருந்தது. 70 விழுக்காடு குறைபாடுடைய ஒரு வழக்கறிஞர் அவ்வரம்பால் மறுக்கப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார், 2019இல் தோற்றார். வினவியதன் பயன் இவ்வளவுதானா என்று அன்று பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

ஆனால் வினா அத்துடன் மடிந்துவிடவில்லை. 2021 பிப்ரவரியில், எழுதும்பொழுது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவரது குறைபாட்டை மட்டும் அளந்து பார்த்தல் போதாது. அவருக்குத் தக்க வசதி செய்து தந்தால் அவரால் இயலுமா என்று பார்த்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்நோக்கில் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பின் குறையையும் அது சுட்டிக்காட்டியது. பின்னர், மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து முற்றிலும் விலக்கிய விதியைக் குறித்து, பார்வையற்ற ஒருவரின் தாயார் தலைமை நீதிபதிக்குக் கடிதம் ஒன்று எழுதினார். உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், பார்வைக் குறைபாடு ஒன்றையே காரணமாகக் காட்டி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது எனத் தீர்ப்பளித்தனர். ஒரு தாயின் அஞ்சல், ஒரு விதியையே வீழ்த்திவிட்டதன்றோ!

இரா சிங்கால் அவர்களின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2010ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்றும், உடற்குறையைக் காரணங்காட்டி அவருக்குப் பணி மறுக்கப்பட்டது. அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடி வென்றார். அதன்பின் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். பொருந்தார் என்று ஒதுக்கப்பட்டவரே அனைவருக்கும் முன்னே நின்றார்.

எல்லோரும் உச்ச நீதிமன்றம் செல்லுதல் இயலுமா என்று நேயர்கள் கேட்கலாம். இயலாது, வேண்டுவதுமில்லை. அருகிலேயே படிகள் உள. முதலாவது, தகவல் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகமாயின் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம். 30 நாட்களுக்குள் விடை வருதல் வேண்டும். தன் முடிவால் பாதிக்கப்பட்டவர்க்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பது ஓர் அலுவலகத்தின் கடமை என்றே அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. இரண்டாவது, ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் இருக்கவேண்டிய குறைதீர்ப்பு அலுவலர். பதிவு செய்த முறையீட்டை அவர் இரு வாரங்களுக்குள் விசாரித்தல் வேண்டும். அதிலும் மனநிறைவில்லையேல் மாவட்டக் குழுவை அணுகலாம். மூன்றாவது, மாநில ஆணையர்; மத்திய அரசுப் பணியாயின் தலைமை ஆணையர். ஆணையரின் பரிந்துரையை ஏற்காத அலுவலகம், அதற்கான காரணத்தை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்கக் கடமைப்பட்டது. மத்திய அரசுப் பணி குறித்துத் தீர்ப்பாயம் செல்ல விழைவோர், இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் செல்லுதல் வேண்டும். துயரத்தில் ஆழ்ந்து காலத்தை இழந்துவிடலாகாது.

நாம் வாழும் ஆனேக்கல் வட்டத்தைப் பாருங்கள். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த பகுதி இது. ஓசூர் எல்லையைக் கடந்து நாள்தோறும் தமிழ் மக்கள் வேலைக்கு வந்து செல்கின்றனர். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கிறோம் என்று தனியார் நிறுவனங்களும் அறிவிப்பதுண்டு. 4 விழுக்காட்டு ஒதுக்கீடு தனியாரைக் கட்டுப்படுத்தாது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனம், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பது விதி. எந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை, எம்முறையில் ஆள் எடுக்கப்படும், தொடர்பு அலுவலர் யார் என்பன அதில் இருத்தல் வேண்டும். மறுக்கப்பட்டவர் அக்கொள்கையைக் காட்டுமாறு பணிவுடன் கேட்கலாம். அக்கேள்வி எளிதில் தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

நம் தெருவில் செவித்திறன் குறைந்த இளைஞர் ஒருவர் உண்டு. ஓர் அலுவலகத்தில் உதவியாளர் பணிக்கு ஒதுக்கீட்டின்கீழ் விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு முடிந்தபின் ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. காது கேளாமையால்தான் தள்ளிவிட்டார்கள் என்று வீட்டார் முடிவு கட்டினர். ‘நமக்கெதற்கு வம்பு, விட்டுவிடு’ என்றார் தந்தையார். இளைஞரோ இனி எதற்கும் விண்ணப்பிப்பதில்லை என்றிருந்தார். பலர் வற்புறுத்தியபின் காரணம் கேட்டு எழுதினார். விடை வந்தது. அதே பிரிவில் தேர்வானவர் அவரினும் ஆறு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றிருந்தார். வேலை கிடைக்கவில்லைதான். ஆயினும் அவர் முகம் தெளிந்தது. செவியை மாற்ற அவரால் இயலாது. ஆறு மதிப்பெண்ணை ஈட்ட இயலும். இப்பொழுது அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

காரணம் கேட்பது அதிகாரியை அவமதிப்பதாகாது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதாகும். வினவியவர் எல்லோரும் வேலை பெறுவர் என்று நாம் சொல்ல மாட்டோம். அலுவலகத்தின் முடிவு நேரியதாயின், விடை பெற்றவர் அடுத்த முயற்சிக்கு வழி அறிவார். முடிவு தவறாயின், அத்தவறு அலுவலகத்தின் ஏட்டில் பதிவாகும். பின்னே வருவோர்க்கும் அது துணையாகும். ஆதலின், மறுப்புக் கடிதம் பெற்ற நேயர்கள் அதனைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்துவிடாமல், அதற்கு ஒரு பதில் எழுதுமாறு வேண்டிக்கொள்கிறோம்.