பாரும் பவளமும்

(யூபிலி விழாவையொட்டி நமது பங்கில் ஆற்றிய உரை)



யூபிலி விழாவில் பவளத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நம் காலாப்பட்டுக் கடலோரத்தில் பவளத்திட்டு கிடையாது. நம் பெண்கள் மாலையில் கோக்கும் செம்பவளமோ வேறு இனம். ஆயினும் பிள்ளைச்சாவடியிலும் நம் குப்பங்களிலும் கடல் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் இந்நாட்களில், கரையைக் காக்கும் மதில் எது, அது எப்படி இடிகிறது என்று அறிய வேண்டியவர்களாயிருக்கிறோம். அதை அறியத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும்.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருப்பவை பவளத்திட்டுகள். மீனவர் அவற்றைப் பார் என்பர். அதிலிருந்து பெயர்த்தெடுத்ததை முருகைக்கல் என்பர். கல் என்ற அந்தப் பெயரே நம்மை ஏமாற்றிவிட்டது எனலாம். அது கல்லன்று, சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டி, மூதாதையர் கூட்டின்மேல் பிள்ளைகள் கட்டிக் கட்டி எழுப்பிய ஊர். சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவு ஆக்கித் தருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறமே. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும், கரையை நோக்கி வரும் அலை முதுகொடிந்து விழுவதும் அங்கேதான்.

அதை நம்மவர் பல தலைமுறைகளாக வெட்டினார்கள். வல்லத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்து, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீட்டுச் சுவருக்கும் சாலைக்கும் போட்டார்கள். பிறகு தொழிற்சாலைகளும் கேட்டு வாங்கின. வெட்டியவனுக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி; இலாபம் வேறு இடத்துக்குப் போயிற்று. எனவே வெட்டியவனை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. விளைவு என்னவென்றால், பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்று நாம் எண்ணுவதில் அவ்விரண்டும் இன்று கண்ணுக்குத் தெரியாது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் தேய்ந்து தேய்ந்து சிறு துண்டாகிவிடவே, 2015ஆம் ஆண்டையொட்டி அதைச் சுற்றிச் சிமென்டு வார்ப்புகளை இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் நடந்ததையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம்மைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை, தென்மேற்குக் கரையில் பெரலிய என்னுமிடத்தில் ஒரு ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. அங்கே பவளம் வெட்டப்பட்டிருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பவளம் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் நீர் அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை என்று ஆராய்ச்சியாளர் எழுதினார்கள். பவளம் எந்தப் பேரலையையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். கடலடியின் சரிவும் கரையின் மேடுபள்ளமும் சேர்ந்துதான் அதை முடிவுசெய்கின்றன. அன்றாட அலையை அது முறிப்பதில் மட்டும் ஐயமில்லை.

1986இல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. சட்டத்துக்கு மசியாத வெட்டு, ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் நின்றது. அடுத்த நான்கு ஆண்டுகளில் உயிர்ப்பவளம் பெருகியதாகத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தார்கள். தன் பிழைப்பை விட்டுக்கொடுத்த மீனவனுக்குக் கிடைத்த பலன் இது.

அந்தப் பலன் நிலைத்ததா? 2010 கோடையில் கடல் கொதித்தது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமிழந்து எலும்பாய் வெளுத்து நிற்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 2016இல் மன்னார் வளைகுடாப் பவளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு மடிந்தது. 2024இல் உலகெங்கும் வெளுத்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் கடலைச் சூடாக்கியவர்களில் பாம்பன் மீனவன் எத்தனையாவது ஆள்? இந்த அநியாயத்தைச் சொல்லாமல், வலைக்காரனுக்கு மட்டும் உபதேசம் செய்ய நமக்கு மனமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பவளத்திட்டுகளின் அழிவைப் பெயர் சொல்லியே எழுதியது நினைவுகூரத்தக்கது.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே கெட்டது பவளமன்று, மணல். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை, 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மறித்துக்கொண்டன. நகரக் கடற்கரை கரைந்தது, கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே நகர்ந்தது, அங்கும் கல் கொட்டினார்கள். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகினாலான ஆப்பு வடிவப் பார் ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். அலை தணிந்து, மணல் திரும்பிவந்ததைப் பலரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். பவளம் கூலியில்லாமல் செய்யும் வேலையைத்தான் அந்த எஃகு செய்கிறது.

நம்மால் ஆவது இரண்டு. கிழிந்த நைலான் வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். அது எந்தப் பாரில் போய்ச் சிக்கினாலும் அங்குள்ள உயிரை நெரிக்கும். அடுத்தமுறை நம் குப்பத்தில் கல் கொட்ட அதிகாரிகள் வரும்போது, இதனால் வடக்கே மணல் என்னாகும் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்குக் கனகசெட்டிக்குளத்தாரையும் அழைத்து உட்காரவைத்தே கேளுங்கள்.