பசி பிள்ளையின் வயிற்றுக்குத்தான் தெரியும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் தாய்மார் கூட்டங்களில் பேசியது)



"என் புள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குதுங்க, ஒரு டானிக் எழுதிக் குடுங்க." எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தக் குறைதான் முதலில் வருகிறது. பிள்ளையைப் பார்த்தால் தெருவில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. எடை அட்டையைப் பார்த்தால் கோடு மேலேதான் ஏறுகிறது. ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு அந்த எடை எங்கிருந்தம்மா வந்தது?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அதாவது முதல் வருஷம் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாம் வருஷம் ஏறுவதோ இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் கொஞ்சம் மட்டுப்படுகிறது. இது நோயல்ல. வயிற்றின் அளவையும் பாருங்கள். சிறு குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கு. 8 கிலோ குழந்தையின் வயிறு 240 மில்லி பிடிக்கும், அதாவது ஒரு பெரிய டம்ளர். அதில் போய் ஒரு கும்பாச் சோற்றை அடைக்கப் பார்த்தால் எப்படி?

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் 1920-களின் பிற்பகுதியில் ஒரு சோதனை தொடங்கினார். பால் மறக்கும் வயதுக் குழந்தைகள் 15 பேர். அவர்கள் முன்னால் தானியம், காய், பழம், பால், முட்டை, இறைச்சி என்று பல தட்டுகளை வைத்தார்கள். ஊட்டும் பெண்கள் 'இதைத் தின்னு' என்று சொல்லக்கூடாது. பிள்ளை கை நீட்டினால்தான் கரண்டியை எடுக்கலாம். ஒரு பிள்ளை ஒரு நாள் முட்டையாகவே தின்றது, இன்னொரு நாள் பழமாகவே தின்றது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே வளர்ந்தன. 1939-இல் இதை எழுதியபோது அந்த அம்மையாரே ஒரு சூட்சுமத்தைச் சொன்னார். தட்டுகளில் சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை, எல்லாமே நல்ல உணவு. எதை வைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு.

1991-இல் அதே நாட்டில் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளை ஆறு நாள் கவனித்தார்கள். ஒரு வேளை நிறைய, அடுத்த வேளை கொறிப்பு என்று ஏறியும் இறங்கியும் இருந்தது. நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் இட்லியை ஒதுக்கிய பிள்ளை மத்தியானம் சரிக்கட்டிக்கொள்ளும்.

நம் ஆயாமார் பஞ்சம் பார்த்தவர்கள். 'தட்டில் மீதி வைக்காதே' என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பள்ளிப் பிள்ளை பசியோடு உட்காரக்கூடாது என்று 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் மதிய உணவு போடத் தொடங்கிய மண் இது. ஆனால் வாயை மூடிக்கொள்ளும் குழந்தையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கால் ஊற்றுகிறார்களே, அதை இன்றே விட்டுவிடுங்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பூச்சாண்டி காட்டுவதும், செல்போனில் பாட்டுப் போட்டு வாயில் திணிப்பதும் உயிரை வாங்காது, உண்மைதான். ஆனால் 'வயிறு ரொம்பிடுச்சு' என்று உள்ளே சொல்லும் குரலைப் பிள்ளை கேட்காமலே போய்விடுகிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வில், தட்டில் அதிகம் வைத்தாலும் 3 வயதுப் பிள்ளைகள் அதிகம் தின்னவில்லை. 5 வயதுப் பிள்ளைகள் தின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடவுக்கு விடியற்காலை போகும் தாய், 'அழுதா குடு' என்று ஆயாவிடம் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பத்து மணிக்கு பிஸ்கட், பதினோரு மணிக்குப் பெட்டிக்கடைப் பொட்டலம், நடுவில் இனிப்பு டீ. மத்தியானச் சோற்றுக்குப் பசி எங்கே இருக்கும்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை பழமோ சுண்டலோ மசித்துக் கொடுங்கள். மற்ற நேரம் தண்ணீர் போதும். தாய்ப்பால் இரண்டு வயது வரை, அதற்கு மேலும், இருக்கட்டும்.

பசித்த குழந்தை கரண்டியைப் பார்த்து முன்னால் சாயும், வாயைத் திறக்கும். போதும் என்றால் தலையைத் திருப்பும், துப்பும், சோற்றில் விளையாடும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய் காட்டலாம், அப்போதும் வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள்.

அதற்காக 'தானே கேக்கும்' என்று எல்லாப் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிப் பேசித்தான் ஊட்ட வேண்டும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பசியை மறைக்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். உடம்பு வற்றிய குழந்தைக்குப் பசியே எடுக்காது, அது அடம் அல்ல. எடைக்கோடு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, பாதம் வீங்கினாலோ, கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள்.

இப்போது அங்கன்வாடித் தராசு இங்கேயே இருக்கிறது. அட்டை கொண்டுவந்தவர்கள் பிள்ளையோடு வரிசையாக வாருங்கள், எடை பார்த்துக்கொண்டே மிச்சத்தைப் பேசலாம்.