வைத்தியரை அறிந்து வைத்தியம் கொள்வோம்

(பங்குனி உத்திரத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

நோய் தீர்ந்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் பலர் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறீர்கள். சிவபெருமானை வைத்தியநாதன் என்றே அழைப்பது நம் மரபு. பழனியாண்டவர் திருமேனியை நவபாஷாணத்தால் வடித்தவர் போகர் சித்தர் என்றும் நம்புகிறோம். அந்தப் போகரைச் சீன தேசத்திலிருந்து வந்தவர் என்பாரும் உண்டு. அங்குச் சென்று மீண்டவர் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும், நம் சித்தரையும் சீன நாட்டையும் இணைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. நம் வர்ம மரபு உடலில் 108 வர்மங்கள் என்று எண்ணுகிறது. சீனரின் அக்குபங்சர் முறை 361 புள்ளிகளைக் கணக்கிடுகிறது. ஆகவே நம்மவர் ஒருவர் முழங்கால் வலிக்குச் சின்சேயிடம் சென்று ஊசி குத்திக்கொள்வதில் எனக்கு வியப்பு இல்லை. என் கவலை வேறு. மருத்துவத்தின்மீது நாம் கொண்டுள்ள பக்தியை, அதைச் செய்கிறேன் என்று வந்து நிற்கும் மனிதர்மீதும் அப்படியே வைத்துவிடுகிறோம். அவர் யார், எங்கே கற்றார் என்று கேட்பதைக்கூட அபசாரமாக நினைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர், தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். மூட்டு வலியால் கோயில் படி ஏறவும் இயலாதிருந்தார். ஊர் ஊராகச் செல்லும் ஒருவர், சித்தர் மூலிகை என்று சொல்லிப் பெயரில்லாத புட்டியில் கறுப்பு உருண்டைகளைக் கொடுத்தார். மூன்றே நாளில் வலி மறைந்தது. அவ்வளவு விரைவில் மறைந்ததே சந்தேகத்திற்குரியது. ஆனால் அவ்வேளையில் யார் சந்தேகப்படுவார்? சில மாதங்களில் முகம் வட்டமாக வீங்கியது, இனிப்புநீர் ஏறியது. உருண்டை தீர்ந்து போனபின் எழுந்து நிற்கவும் வலுவின்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்டீராய்டு கலந்த மருந்தை உட்கொண்டிருக்கிறார் என்பது மருத்துவர்களின் முடிவு.

இது அரிய நிகழ்ச்சி அன்று. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை மூட்டு வலி மூலிகைகளிலும் ஜாமுகளிலும் களவாகக் கலப்பதை நம் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். இதை நீண்ட நாள் உட்கொண்டால், உடல் தானே சுரக்க வேண்டிய இயற்கைச் சுரப்பு அடங்கிவிடும். ஆதலால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சந்தேகம் எழுந்தால் அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழியோ சித்த மருத்துவத்தின் தலையில் விழுகிறது. அந்த உருண்டையில் சித்த மருத்துவம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் இதற்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டில் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், 775ஆம் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களும், ஹோமியோபதியும், வேறு மூன்று துறைகளுமாக ஏழு துறைகள் அதில் அடங்கும். இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்பதில் நம் சித்தமும் ஆயுர்வேதமும் உள்ளன. 2021 மார்ச் 1ஆம் தேதி முதல் மருத்துவர்கள் அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டு வருகின்றனர். அரசாங்கக் காகிதங்களோடு காலந்தள்ளுபவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன்: பார்க்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, பதிவுச் சான்றிதழ். மற்றொன்று, தொழில் புரிவதற்கான சான்றிதழ். இரண்டாவதைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் ஏனையவற்றுள் பல, ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் சான்றாகவோ, சில நாள் பயிற்சிக்கு வந்து போனதற்கான அத்தாட்சியாகவோ இருக்கக்கூடும். இந்தியாவில் சித்த மருத்துவப் பட்டம் பெற, ஓராண்டுப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். அவ்வாறு படித்தவர், எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் கோபிக்க மாட்டார், மகிழ்ந்தே சொல்வார்.

அக்குபங்சரை நாடுவோர் அறிய வேண்டியது இன்னும் சிறிது உண்டு. 2007ஆம் ஆண்டில் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலேயே இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தனியாரிடம் செல்வதானால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன்னே உறை பிரித்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். நீங்கள் வார்ஃபரின் உட்கொள்பவர் என்றாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். ஊசியில் மின்சாரம் பாய்ச்சுவது பேஸ்மேக்கருக்கு ஆகாது. முதுகு வலி, முழங்கால் வலி, புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டல் ஆகியவற்றிற்கு அக்குபங்சர் ஓரளவு துணை செய்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. இன்சுலினை நிறுத்திவிடு, ஊசியே போதும் என்று ஒருவர் சொன்னால், அவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் மருந்தானால், பெட்டியில் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளும், எட்டு எண்களும், அவற்றையடுத்து டி என்னும் எழுத்தும் இருக்க வேண்டும். போலி எண் அச்சடிப்போரும் உளர். தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் உண்மை தெரியும். ஒன்றை மறவாதீர்: அந்த எண், மருந்தின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. நோய் தீரும் என்பதற்கான உத்தரவாதம் அன்று.

இனி, தகவல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முன்பு துண்டுப் பிரசுரம். இன்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. புற்றுநோய், இனிப்புநீர், சிறுநீரக நோய், ஆஸ்துமா, பிள்ளைப்பேறின்மை முதலிய 20 நோய்களுக்கு மருந்தோ சிகிச்சையோ உண்டென்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் தடுக்கிறது. எனவே ‘இனிப்புநீர் அடியோடு தீரும்’ என்ற ஒரு வரியே, அந்த விளம்பரதாரர் சட்டத்தைப் பொருட்படுத்தாதவர் என்று நமக்கு அறிவித்துவிடுகிறது.

இங்கேதான் ஆலய நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம். திருவிழா மலர்களுக்கு விளம்பரம் தருவோரில் வைத்தியர்களும் உண்டு. அன்னதானத்திற்கு நன்கொடை தருவோரும் அவர்களில் உண்டு. அவர்களைப் புண்படுத்துவது என் நோக்கமன்று. ஆனால் முருகன் படம் போட்ட மலரில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால், கோயிலே சொல்லிவிட்டது என்று வயதானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆதலால் வைத்தியர் விளம்பரம் எதுவாயினும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிய பின்னரே மலரில் சேர்க்க வேண்டும். மண்டபத்தை இலவச வைத்திய முகாமுக்குக் கொடுக்கும்போதும் அவ்வாறே. எண் தர மறுப்பவரின் பணம் நமக்கு வேண்டாம். பதிவு பெற்றவர்களின் பெயரைச் சுகாதார அமைச்சின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவிடம் கேட்டு அறியலாம். இணையம் பழகாத முதியோருக்காக, வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் நம் இளைஞர் ஒருவர் அமர்ந்து இதைப் பார்த்துச் சொன்னால் பேருதவியாகும். செயலவையினர் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.