தலையெழுத்தும் வைரஸ் எழுத்தும்



மனிதன் பிறக்கும்போதே அவன் தலையில் எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லுவதை நாம் வெகுகாலமாய்க் கேட்டு வருகிறோம். எழுத்து என்பதாக ஒன்று உண்மையிலேயே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது தலையில் மாத்திரம் இல்லை. உடம்பில் அநேகமாய் ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நூலாக இருக்கிறது. அதை எழுதினவன் யார் என்று பார்த்தால்தான் சங்கதி வெளியாகிறது.

மனித டி.என்.ஏ.வின் நகல் 2001-ல் வெளிவந்தபோது, அதில் சுமார் 100-க்கு 8 பங்கு, பல கோடி வருஷங்களாக நம் முன்னோர்களின் கருவணுக்களில் புகுந்த வைரஸ்கள் விட்டுப்போன மிச்சம் என்று கணக்காயிற்று. உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் எழுத்தோ 100-க்கு 2 பங்குகூட இல்லை. ஆகவே, "எங்கள் இரத்தம் கலப்பற்றது" என்று மார்தட்டுகிறவருக்கும், அவர் தீண்டமாட்டேன் என்று ஒதுக்குகிறவருக்கும் இந்த வைரஸ் சொத்து ஏறக்குறைய ஒன்றேயாகும்.

அப்படியானால் இந்த வைரஸ் எழுத்து ஏன் நம்மைக் கெடுப்பதில்லை? யாராவது தெய்வம் காவல் இருக்கிறதா? இல்லை. கருவின் தொடக்கத்திலுள்ள மூல உயிரணுக்கள் எந்த அவயவமாகவும் ஆகக்கூடியவை. அவற்றில் "துத்தநாக விரல்" என்ற வகைப் புரதம் வைரஸ் எழுத்தை அடையாளம் கண்டு பற்றுகிறது. அது காப்-1 என்ற புரதத்தை அழைக்கிறது. காப்-1 மற்றொரு புரதத்தைக் கூட்டிவந்து, டி.என்.ஏ. நூல் சுற்றியிருக்கும் உருளைகளில் ஒரு குறி போடச் செய்கிறது. நூல் அங்கே இறுகிவிடுகிறது. எழுத்து இருந்தும் படிக்க முடிவதில்லை.

இது வெறும் யூகமல்ல. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எலியின் மூல உயிரணுக்களில் காப்-1-ஐ நீக்கிப் பார்த்தார்கள். தூங்கிய வைரஸ் எழுத்துகள் விழித்துக்கொண்டன என்று 2010-ல் வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்து ஜீன்களும் முறை தவறுகின்றன என்று 2013-ல் காட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கை: எல்லா வைரஸ் எழுத்தும் பகையல்ல. வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஆகாரம் சேர்க்கும் நஞ்சுக்கொடி அமைவதற்குதவும் சின்சிட்டின் என்ற புரதம், பழைய வைரஸ் ஒன்றின் ஜீனிலிருந்து வந்ததே என்று 2000-ல் தெரிந்தது.

ஆகவே தோழர்களே, எழுதியிருப்பதனால் மாத்திரம் யாதொன்றும் நடந்துவிடாது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே காரியம். இனி ஒருவன் தலையெழுத்தைச் சொல்லிக் காசு கேட்டால், "எந்த எழுத்து? யார் எழுதியது? எந்த உயிரணுவில் திறந்திருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு மடியை அவிழ்க்கலாம்.