பழி சுமந்த புரவி



செஞ்சியை ஆண்ட தேஜ்சிங் என்னும் இளைஞரைத் தமிழ் மக்கள் தேசிங்குராஜன் என்று அறிவார்கள். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது அவர் 1714-ஆம் ஆண்டில் களத்தில் மாண்டார். வரலாறு அவருக்குத் தரும் இடம் சிறிது. தெருப்பாடகர்கள் தந்த இடமோ பெரிது. அவர்கள் பாடிய கதையில் தேசிங்கின் புகழ் ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. தில்லிப் பாதுஷாவின் இலாயத்தில் எவரும் ஏற மாட்டாத முரட்டுப் புரவி ஒன்று இருந்ததாம். அதை அடக்க இயலாமல் தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். பின்னர் மகன் சென்று அதன்மேல் ஏறினான். அன்று முதல் பாராசாரி என்னும் அப்புரவி அவனுடைய உயிர்த்துணை ஆயிற்று. தில்லிச் சிறை பாடகரின் கற்பனையாக இருக்கலாம். ஆயினும், ஊரெல்லாம் முரடு என்று தள்ளிய குதிரை ஒருவனுக்கு மட்டும் உற்ற துணையானது எவ்வாறு என்ற வினா கற்பனை அன்று.

இதற்கு விடை கிரேக்க நாட்டுக் கதையில் கிடைக்கிறது. மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் விலைக்கு வந்த புசிபாலஸ் என்ற குதிரை எவரையும் அண்டவிடவில்லை. அது தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான், கதிரவனை நோக்கி அதைத் திருப்பி நிறுத்தினான், பிறகு ஏறினான். இவ்வாறு புளூட்டார்க்கு எழுதியுள்ளார். அக்குதிரை அவனைச் சுமந்து நம் ஜீலம் நதிக்கரை வரை வந்தது. கி.மு. 326-இல் அங்கே அது இறந்தபோது, அதன் பெயரால் அவன் ஒரு நகரமே அமைத்தான்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு புறமும் அமைந்துள்ளன. ஏறக்குறைய நாற்றிசையும் அதற்குத் தெரியும். வாலுக்கு நேர் பின்னே தெரியாது. அங்கே அரவம் கேட்டால், வருவது குழந்தையா புலியா என்று அது ஆராய்ந்துகொண்டிராது, உதைத்துவிடும். அச்சத்தால் செய்வதை நாம் கெட்ட குணம் என்கிறோம்.

நம் நாட்டில் இதனோடு சுழியும் சேர்ந்துகொள்கிறது. அந்தியூரில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி பார்த்து விலை பேசுவோர் உளர். பள்ளியிலும் சில பையன்களுக்கு இக்கதி உண்டு. வகுப்பு மாறும்போது, பையன் போய்ச் சேருமுன் அவனுடைய பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தை அடுத்த எலியட்ஸ் கடற்கரையில், மாலை வேளையில் பிள்ளைகளை ஏற்றி நடத்தும் குதிரைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவற்றுள் செந்நிறப் பெண் குதிரை ஒன்று, பின்னால் ஓடிவந்த சிறுவனை நோக்கிக் காலை வீசியது. அடி படவில்லை, பெயர் பட்டுவிட்டது. ‘உதைக்கிற குதிரை’ என்றார்கள். கழுத்துச் சுழியே காரணம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். சவாரி நின்றது, கொள்ளும் புல்லும் நிற்குமா? வந்த விலைக்குத் தள்ளிவிட உரிமையாளர் துணிந்தார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

குப்பத்துப் பெரியவர் ஒருவர், வலை சுமந்தே தோள் காய்த்தவர், நாள்தோறும் அங்கே அமர்ந்திருப்பார். வார் இறுக்கும்போதெல்லாம் அக்குதிரை முதுகை நெளிப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

“தம்பி, சேணத்தை எடுத்துட்டுப் பாருப்பா. உப்புத் தண்ணி பட்ட புண்ணு எப்படி எரியும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

எடுத்துப் பார்த்தார்கள். சேணத்தின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து, மணலும் வியர்வையும் படிந்திருந்தது. கால்நடை மருத்துவர் மருந்திட்டு, ஒரு மாதம் சேணமே வைக்கலாகாது என்றார். அந்த ஒரு மாதம்தான் கடினம். வருவாய் இல்லாத குதிரைக்குக் கடன் வாங்கித் தீனி போட்டார் அந்த மனிதர். வாங்க வந்தவர் இருமுறை வந்து திரும்பினார்.

புண் ஆறியது. சேணத்துக்கு அடியில் தடித்த கம்பளம் வந்தது. குதிரையின் பின்னே எவரையும் விடுவதில்லை என்ற கட்டுப்பாடும் வந்தது. ஆயினும் பல நாள் யாரும் ஏறவில்லை. முதலில் ஏறியது அப்பெரியவரின் பேத்தி. அலைவாய்க் கரையோரம் உடைந்த பாலம் இருக்கும் திசையில் சிறிது தூரம் சென்று, அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்ததை யான் கண்டேன். கழுத்துச் சுழி அன்றும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது, குதிரையைக் கண்டு அழும் குழந்தை வந்தால், உரிமையாளர் அந்தச் செந்நிறக் குதிரையைத்தான் முன்னே கொண்டுவருகிறார்.