இருமும் நாய்க்கு எலும்பு சிக்கவில்லை

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம், நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்கிறது. திரும்பி அழைத்து வந்த சில நாளில் அது வறட்டு இருமல் இருமுகிறது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதோ என்று வீட்டார் பதறுகிறார்கள். பெரும்பாலும் எலும்பு அல்ல, ‘கென்னல் காஃப்’ என்ற தொற்று.

போர்டெடெல்லா எனும் பாக்டீரியாவும் சில வைரஸ்களும் இதற்குக் காரணம். திடமான நாய்க்கு 2, 3 வாரத்தில் தானே அடங்கிவிடும். குட்டிக்கும் வயதான நாய்க்கும் அப்படியல்ல. நிமோனியாவாக முற்றினால் உயிருக்கே ஆபத்து.

எல்லா நாய்க்கும் தடுப்பு மருந்து வேண்டுமா என்று நேயர்கள் பலரும் கேட்பதுண்டு. வேலிக்குள்ளேயே கிடந்து, வேறு நாயின் முகம் பார்க்காத நாய்க்கு அவசரமில்லை. காப்பகம், முடி வெட்டும் கடை, பூங்கா என்று போய்வரும் நாய்க்குப் போடுவதே நல்லது. போட்டாலும் இருமல் அறவே வராது என்பதில்லை. வந்தால் கடுமை குறையும். அதுவே பெரிய லாபம்.

பலர் தவறுவது நாள் கணக்கில்தான். பெட்டி கட்டும் அன்று ஊசி போட்டுப் பயனில்லை. மூக்கில் விடும் மருந்து சில நாளிலேயே வேலை செய்யத் தொடங்கும். ஊசியென்றால் முதல்முறை 2 தவணை, நடுவே 2 முதல் 4 வார இடைவெளி. காப்பகத்தில் இடம் பதியும் அன்றே கால்நடை மருத்துவரிடமும் நாள் குறித்துவிடலாம்.