கூண்டைத் திறந்த பிறகு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'கற்றல்' பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் மனிதக் குரங்குகளைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பை மாற்றிவிட்டாரே என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்றலைப் பற்றித்தான் பேசுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

பாலூட்டிகள் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஏதாவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "சார், கூண்டுல இருக்கிற சிம்பன்சியைக் கொண்டுபோய் காட்டுல விட்டுட்டா என்ன?" நியாயமான கேள்வி. வாளியில் இருக்கும் மீனைக் குளத்தில் விட்டால் நீந்திப் போய்விடும். கூண்டிலேயே வளர்ந்த சிம்பன்சியைத் திடீரென்று காட்டில் விட்டால் அது பிழைப்பது கடினம்.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. நம் கோயில்களில் திரியும் குரங்குக்கு வால் உண்டு. மனிதக் குரங்குக்கு வால் கிடையாது. சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவை பெரிய மனிதக் குரங்குகள். இந்தியக் காடுகளில் இவை இல்லை. அசாம் பக்கம் வாழும் ஹூலக் கிப்பன், சிறிய மனிதக் குரங்கு வகையைச் சேர்ந்தது.

சிம்பன்சிக் குட்டி நான்கைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கிறது. அதன் பிறகும் சில ஆண்டுகள் தாயை விட்டு விலகுவதில்லை. ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வயது வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், தாயோடு இருக்கும். இவ்வளவு நீண்ட குழந்தைப் பருவம் எதற்கு? படிக்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. எந்தப் பழம் எந்த மாதம் எந்த மரத்தில் பழுக்கும், எந்த இலையைத் தின்னக் கூடாது, மாலையில் கிளைகளை எப்படி வளைத்துப் படுக்கை கட்டுவது என்று பாடத்திட்டம் பெரிது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் போசு என்ற இடத்தில் சிம்பன்சிகள் ஒரு கல்லைப் பட்டறையாகவும் இன்னொன்றைச் சுத்தியலாகவும் வைத்துப் பனைக்கொட்டைகளை உடைத்துத் தின்னும். ஜப்பானிய அறிஞர் டெட்சுரோ மட்சுசாவாவும் அவரது குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குட்டிகள் சுமார் 3 முதல் 5 வயதுக்குள் இதைக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பருவத்தைத் தவறவிட்டவை பிறகு கற்பது அரிது. எனக்கு இதைவிட வியப்பளித்தது தாயின் நடத்தைதான். அது கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பதில்லை; திட்டுவதும் இல்லை. குட்டி மடிக்கருகே வந்து உற்றுப் பார்த்தாலும், உடைத்த பருப்பை எடுத்துக்கொண்டாலும், கல்லையே பிடுங்கினாலும் பொறுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். மட்சுசாவா இதைக் குருவின் அருகிருந்து தொழில் பழகும் முறைக்கு ஒப்பிட்டார்.

சாப்பாடு ஒரு பகுதிதான். கூட்டத்தில் வாழ்வது இன்னொரு பாடம், அதுவே கடினமான பாடம். தன்னைவிட மூத்தவரைப் பார்த்தால் பணிவாக ஒலி எழுப்ப வேண்டும். யாருக்குப் பேன் பார்த்துவிட வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். சண்டை போட்ட பிறகு சமாதானம் ஆகத் தெரிய வேண்டும். நெதர்லாந்தில் ஆர்னெம் நகர விலங்குக் காட்சியகத்துச் சிம்பன்சிகளை 1970களில் கவனித்த ஃபிரான்ஸ் டி வால், சண்டையிட்ட இரண்டும் சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடிப் போய்க் கை நீட்டுவதையும் முத்தமிடுவதையும் பதிவு செய்தார். குட்டிகள் இதையெல்லாம் விளையாட்டில்தான் பழகுகின்றன. எவ்வளவு பலமாகக் கடித்தால் விளையாட்டு, எந்த அளவு தாண்டினால் சண்டை என்பது கடித்துப் பார்த்தால்தான் தெரியும். (தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்குகிறோமே, அது இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.)

இந்தப் பாடம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சி லூசி.

1964இல் அமெரிக்காவில் பிறந்த சிம்பன்சி அது. பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்து, ஓக்லஹோமாவில் மாரிஸ் டெமர்லின் என்ற உளவியலாளரின் வீட்டில் மகளைப் போல வளர்த்தார்கள். மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். ரோஜர் ஃபவுட்ஸ் சைகை மொழி சொல்லிக் கொடுக்க வந்தபோது அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும். நூறு வார்த்தைகளுக்கு மேல் சைகையில் பேசியது. ஆனால் வளர்ந்து பெரிதாகும் வரை இன்னொரு சிம்பன்சியோடு பழகியதே இல்லை. பலம் கூடக்கூட வீட்டில் வைத்திருக்க முடியாமல் போனது. 1977இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். உடன் சென்றவர் ஜேனிஸ் கார்ட்டர் என்ற மாணவி. மூன்று வாரம் இருந்து பழக்கிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

லூசி சாப்பிடவில்லை. மெலிந்தது, முடி கொட்டியது. கார்ட்டரால் திரும்ப முடியவில்லை. பிறகு காம்பியா ஆற்றின் நடுவிலுள்ள தீவு ஒன்றுக்கு லூசியையும் வேறு சில சிம்பன்சிகளையும் அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது: இரவில் கார்ட்டர் கம்பிக் கூண்டுக்குள் படுத்தார், சிம்பன்சிகள் வெளியே இருந்தன. அவர் தாமே மரமேறிக் காட்டினார், இலையையும் காயையும் தின்று காட்டினார். மற்றவை ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் போகத் தொடங்கின. லூசி மட்டும் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, 'உணவு', 'தண்ணீர்', 'வெளியே வா' என்று சைகை செய்துகொண்டே இருந்தது. கார்ட்டர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது. உதவி கேட்கும் பிள்ளைக்கு உதவாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பல மாதங்கள் இந்தப் பிடிவாதப் போராட்டம் நடந்தது. ஒருநாள் இருவரும் களைத்து மணலில் தூங்கிவிட்டார்கள். கார்ட்டர் கண் விழித்தபோது லூசி பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லூசி வாங்கித் தின்றது. அதற்குப் பிறகுதான் லூசி தானாக இரை தேடத் தொடங்கியது. கார்ட்டர் தீவில் வாழ்ந்தது சுமார் ஆறு ஆண்டுகள்.

1987இல் லூசியின் எலும்புகளைத்தான் கண்டெடுத்தார்கள். எப்படி இறந்தது என்பது உறுதியாகவில்லை. சிலர் இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். சிலர் கொடுமை என்கிறார்கள். என்னைக் கேட்டால், தவறு 1977இல் நடக்கவில்லை, 1964இல் நடந்துவிட்டது என்பேன்.

தீவு ஏன், காட்டில் விடக் கூடாதா என்று கேட்பீர்கள். இதே காம்பியத் திட்டத்தைத் தொடங்கிய ஸ்டெல்லா புரூவர், முதலில் பக்கத்து நாடான செனகலின் நியோகோலோ கோபா காட்டில் முயன்றார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த காட்டுச் சிம்பன்சிகள் வந்தவற்றைத் தாக்கின. சிம்பன்சிக் கூட்டங்களுக்கு எல்லை உண்டு, அந்நியரை அவை ஏற்பதில்லை. அதனால்தான் 1979இல் எல்லாவற்றையும் ஆற்றுத் தீவுகளுக்கு மாற்றினார்கள். இன்று அந்தத் தீவுகளில் நூறுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் உள்ளன; அவற்றில் பல அங்கேயே பிறந்தவை.

தனிமையில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியுமா? அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ, ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்தது முதல் ஆறு மாதம் தனியே அடைத்து வளர்த்தார். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்கக் கூடாத சோதனை அது. வெளியே வந்த குட்டிகள் மூலையில் சுருண்டு, தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. சம வயதுக் குட்டிகளோடு விட்டால் அடிதான் வாங்கின. 1970களின் தொடக்கத்தில் அவரும் ஸ்டீபன் சுவோமியும் ஒரு மாற்று வழியை முயன்றார்கள். இயல்பாக வளர்ந்த மூன்று மாதக் குட்டிகளை, அதாவது வயதில் சிறியவற்றைத் துணைக்கு விட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சண்டை தெரியாது. ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள மட்டுமே தெரியும். சில மாதங்களில் மூலையில் கிடந்தவை விளையாடத் தொடங்கின. இதை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் இடைநின்று திரும்பிவரும் மாணவரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று யோசிக்கும்போது இது எனக்குப் பயன்படுகிறது.

பெரிய சிம்பன்சிகளிடமும் மாற்றம் சாத்தியம் என்று காட்டியவர் கரோல் நூன். 2002இல் நியூ மெக்சிகோவில் மூடப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து 266 சிம்பன்சிகளின் பொறுப்பு அவரது அமைப்பிடம் வந்தது. பல ஆண்டுகள் தனிக் கூண்டில் கிடந்தவை பல. அவற்றை எந்தக் காட்டிலும் விட முடியாது என்பதில் நூனுக்குத் தயக்கமே இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தைக் கொடுக்க முடியும் என்று நம்பினார். முதலில் கம்பி வலைக்கு இருபுறமும் இருவரை விடுவது. பகைமை இல்லையென்றால் கதவைத் திறப்பது. பிறகு மூன்றாவதைச் சேர்ப்பது. இப்படியே இரண்டு டஜன் வரையிலான கூட்டங்கள் உருவாயின. ஃபுளோரிடாவில் தலா 3 ஏக்கரில் 12 செயற்கைத் தீவுகள் அமைந்தன. சில சிம்பன்சிகள் புல்லில் கால் வைக்கவே தயங்கின. 2009இல் நூன் மறைந்தார். கடைசிச் சிம்பன்சிகள் 2011 டிசம்பரில் அங்கே வந்து சேர்ந்தன.

நிறைவாக இந்தோனேசியா. போர்னியோத் தீவின் மத்திய கலிமந்தானில் நியாரு மென்டெங் என்ற மறுவாழ்வு மையம் 1999 முதல் இயங்குகிறது. செம்பனைத் தோட்டங்களுக்காகக் காடு அழிந்தபோது தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகள் இங்கே வருகின்றன. அவர்கள் நடத்தும் பயிற்சிக்குப் பெயரே 'செகோலா ஹுத்தான்', காட்டுப் பள்ளி. காலையில் பராமரிப்பாளர்கள் குட்டிகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து, கைவண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள், மாலையில் திரும்ப அழைத்து வருகிறார்கள். மரமேறுவது, கறையான் புற்றை உடைத்துத் தின்பது, பாம்பைக் கண்டால் பயப்படுவது எல்லாம் பாடம். பயம்கூடச் சொல்லிக் கொடுத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. அதற்கு ரப்பர் பாம்பு வைத்திருக்கிறார்கள். குட்டிகள் பராமரிப்பாளரிடம் கற்பதைவிட, ஒரு வகுப்பு மூத்த குட்டியைப் பார்த்துக் கற்பதே அதிகம். படிப்பு முடிய ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். பிறகு மனிதர் இல்லாத தீவு. அதன் பிறகே காடு. 2012இல்தான் இங்கிருந்து முதல் ஒராங்குட்டான்கள் புக்கிட் பாட்டிகாப் காட்டில் விடுவிக்கப்பட்டன.

இந்தப் பள்ளியில் ஒரு நாள் வரும். மாலையில் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். வளர்ந்த குட்டி ஒன்று உச்சிக் கிளையில் படுக்கை கட்டி உட்கார்ந்துகொண்டு இறங்கி வராது. பராமரிப்பாளர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு, மற்றவற்றை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.